அஞ்சுவோனின் பயணம்: ஜான் பன்யனின் உருவகக் கதையில் அச்சமும் விசுவாசமும்

ஆய்வுச்சுருக்கம்

கிறித்தவ விசுவாசம் அச்சத்தை நீக்கும் என்பது சமய இலக்கிய வாசிப்பில் பெரும்பாலும் வினாவின்றி ஏற்கப்படும் கருத்தாகும். அதற்குச் சான்றாக அடிக்கடி காட்டப்பெறும் நூல்களுள் ஜான் பன்யனின் ‘பில்கிரிம்ஸ் புரோகிரஸ்’ ஒன்று. இக்கட்டுரை அந்நூலின் இரண்டாம் பாகத்தில் (1684) இடம்பெறும் ‘அஞ்சுவோன்’ என்னும் துணைப்பாத்திரத்தை மையமாகக் கொண்டு அக்கருத்தை மறுவாசிப்புக்கு உட்படுத்துகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் அச்சத்தின் நான்கு நிலைக்களன்கள் வாசிப்புக் கருவியாகக் கொள்ளப்பட்டுள்ளன. பன்யனின் கதையில் விசுவாசம் அச்சத்தை அழிப்பதில்லை, அதன் நிலைக்களனை மாற்றுகிறது. எஞ்சும் அச்சத்தைப் பிறர் உடன்சுமக்க வைக்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: ஜான் பன்யன், அச்சம், விசுவாசம், மெய்ப்பாட்டியல், உருவகக் கதை, இரட்சணிய யாத்திரிகம்

முன்னுரை

இங்கிலாந்தின் பெட்ஃபர்டு நகரையடுத்த எல்ஸ்டோவில் 1628இல் பிறந்த ஜான் பன்யன் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிப் பழுதுபார்க்கும் தொழிலர். முறையான இறையியற் கல்வி பெறாதவர். அரசுத் திருச்சபையின் அனுமதியின்றிப் பிரசங்கித்தமைக்காக 1660இல் கைதாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் இருந்தவர். அவருடைய உருவகக் கதையின் முதற்பாகம் 1678இலும் இரண்டாம் பாகம் 1684இலும் வெளிவந்தன. ‘மோட்சப் பிரயாணம்’ என்னும் பெயரில் தமிழ்க் கிறித்தவர்களுக்கு அறிமுகமான நூல் இதுவே. எச்.ஏ.கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894) என்னும் காப்பியத்திற்கு இதன் முதற்பாகமே மூலம்.

முதற்பாகத்தின் தலைவன் கிறிஸ்தியான் முதுகில் சுமையோடும் நெஞ்சில் நடுக்கத்தோடும் புறப்படுகிறான், சிலுவையின் அடியில் சுமை விழுகிறது, அப்பொல்லியோன் என்னும் கொடிய பகைவனை வாள் கொண்டு வெல்கிறான், பரமநகரம் சேர்கிறான். அச்சம், விசுவாசம், அஞ்சாமை என்னும் மூன்று படிகளாக இக்கதையைச் சுருக்குவது எளிது. யோவானின் முதலாம் நிருபம் நிறைவான அன்பு அச்சத்தை வெளியேற்றும் எனக் கூறுவதால், அச்சம் எஞ்சியிருப்பது விசுவாசக் குறைவின் அடையாளம் என்னும் முடிவும் இச்சுருக்கத்தோடு சேர்ந்து வந்துவிடுகிறது. இது வெறும் இலக்கியச் சிக்கலன்று. அஞ்சுகின்ற ஒருவரை அவருடைய சமயக் குழு எவ்வாறு மதிப்பிடுகிறது என்பது இம்முடிவைப் பொறுத்தே அமைகிறது. பன்யனின் நூல் அம்முடிவுக்குத் துணைநிற்கிறதா என்பதே இங்கு வினா. (பாத்திர, இடப் பெயர்கள் பொருள் விளங்குமாறு இக்கட்டுரையில் தமிழாக்கப்பட்டுள்ளன.)

நான்கு நிலைக்களன்கள்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கைச் சுட்டுகிறார். அகப்புறப் பாடல்களின் மெய்ப்பாடுகளை விளக்கும் இவ்வகைப்பாட்டைப் பதினேழாம் நூற்றாண்டுத் தூய்மைவாதி ஒருவரின் உரைநடைக் கதைக்குப் பொருத்துவதில் வரலாற்றுத் தொடர்பு எதுவும் கோரப்படவில்லை. எனினும் அச்சத்தை அதன் அளவால் வகுக்காமல் அது எதனிடமிருந்து பிறக்கிறது என்பதால் வகுக்கும் இம்முறை, பன்யனை வாசிக்க ஏற்றதொரு கருவியாகிறது. எவ்வளவு அஞ்சுகிறான் என்னும் வினாவைவிட எதற்கு அஞ்சுகிறான் என்னும் வினாவே இந்நூலில் முதன்மை பெறுகிறது.

முதற்பாகத்தில் நான்கு களன்களும் உள்ளன. அப்பொல்லியோனும் மரணஇருள் பள்ளத்தாக்கின் பேய்க்குரல்களும் அணங்கு. அழகிய மாளிகையின் முன் படுத்திருக்கும் சிங்கங்கள் விலங்கு. சிறுவிசுவாசி என்பவனை வழிமறித்துப் பணம் பறிக்கும் மூவர் கள்வர். பாவத்தைத் தீர்ப்பிடும் இறைவன் நான்காவது. இவற்றுள் முதல் மூன்றையும் பன்யன் நடத்தும் முறை ஒரே தன்மையது: அச்சத்தின் பொருள் மெய்யானது, ஆனால் அதன் வல்லமை வரையறுக்கப்பட்டது. சிங்கங்கள் சங்கிலியால் பிணிக்கப்பட்டவை. இருளில் சங்கிலி புலப்படவில்லை, அவ்வளவே. கோழையும் அவநம்பிக்கையும் சிங்கங்களைக் கண்டவுடன் திரும்பி ஓடிவிட்டனர். வாயிற்காவலன் சங்கிலியைப் பற்றிச் சொன்ன பிறகே கிறிஸ்தியான் நடக்கிறான்; நடுங்கிக்கொண்டேதான் நடக்கிறான். கள்வர் சிறுவிசுவாசியின் கைச்செலவுப் பணத்தைக் கவர்ந்தனர். அவனிடமிருந்த அணிமணிகளை அவர்களால் தொட இயலவில்லை. எஞ்சிய வழியெல்லாம் அவன் இரந்துண்டு சென்றதாகக் கதை கூறுகிறது. அவனைக் கோழை என இகழ முற்படும் உடன்பயணி நம்பிக்கையைக் கிறிஸ்தியான் கடிந்துகொள்ளும் இடம் நெடிய உரையாடலாக அமைந்துள்ளது. அஞ்சியவனுக்காக வழக்காடும் குரல் முதற்பாகத்திலேயே தொடங்கிவிட்டது.

நான்காம் களன் வேறு. இறையச்சத்திற்குச் சங்கிலி இல்லை. அதைப் பன்யன் நீக்க விரும்பவும் இல்லை. அறியாமை என்னும் பாத்திரத்தைப் பற்றிய உரையாடலில், சரியான அச்சம் பாவ உணர்விலிருந்து பிறந்து, மீட்பரைப் பற்றிக்கொள்ளச் செய்து, இறைவன்பால் மதிப்பை நிலைநிறுத்துவது எனக் கிறிஸ்தியான் விளக்குகிறான். அஞ்சத் தக்கதற்கு அஞ்சுதல் அறிவுடையார் செயல் என வள்ளுவம் அறிவுடைமை அதிகாரத்தில் கூறுவதோடு இதனை ஒப்பிடத் தோன்றும். ஆயினும் வள்ளுவத்தின் அச்சம் செயலின் விளைவை நோக்கியது, பன்யனின் அச்சம் ஓர் ஆளை நோக்கியது.

அறியாமையின் முடிவு இங்குக் கருதத்தக்கது. அவன் இந்நூலில் அச்சமற்றவன். தன் நெஞ்சம் நல்லது என்னும் உறுதியோடு வருகிறான். வீண்நம்பிக்கை என்னும் படகோட்டியின் உதவியால் கிறிஸ்தியான் பட்ட பாட்டில் பாதியும் படாமல் ஆற்றைக் கடக்கிறான். பரமநகரின் வாயிலில் சான்றிதழ் இல்லாமையால் கட்டப்பட்டு நரகத்திற்குச் செல்லும் கதவில் தள்ளப்படுகிறான். அஞ்சாமை விசுவாசத்தின் சான்று அன்று என்பதை இதனினும் கடுமையாகச் சொல்ல இயலாது. ஆயினும் வாயிலை அடைந்த பின்னும் ஒருவன் தள்ளப்படலாம் எனில், எந்தப் பயணிதான் அஞ்சாதிருக்க இயலும்? முதற்பாகம் இவ்வினாவை எழுப்பிவிட்டு விடை கூறாமல் முடிகிறது.

சிறையும் மணியோசையும்

இவ்வினா பன்யனுக்குச் சொந்தமானது. 1666இல், சிறையிலிருந்தபோது வெளியான ‘கிரேஸ் அபவுண்டிங்’ என்னும் தன்வரலாற்றில் அச்சத்தின் நுண்ணிய வரலாறு பதிவாகியுள்ளது. இளமையில் ஆலய மணியடிப்பதில் விருப்பம் கொண்டிருந்த அவர், அது வீண்பொழுது என்று மனச்சான்று உறுத்தியதும் மணியடிப்பதை விட்டு வேடிக்கை பார்க்க மட்டும் சென்றார். மணி அறுந்து விழுந்தால் என்னாகும் என்னும் எண்ணம் வந்தது. உத்தரத்தின் கீழ் நின்றார். மணி சுவரில் மோதித் திரும்பி வந்து தாக்கினால்? வாசலில் நின்றார். கோபுரமே சரிந்தால்? ஓடிவிட்டார். அச்சம் தன் பொருளை இடையறாது மாற்றிக்கொள்ளும் இயல்பை இத்துணைச் சிறிய நிகழ்ச்சியில் காட்டிய தன்வரலாறுகள் குறைவு. வில்லியம் ஜேம்ஸ் 1902இல் வெளியிட்ட சமய அனுபவம் பற்றிய நூலில் பன்யனைப் பிளவுண்ட மனத்தின் எடுத்துக்காட்டாகக் கொண்டமை வியப்பன்று.

சிறைப்பகுதி இதனினும் முக்கியமானது. பார்வையற்ற மகள் தமக்குப் பின் என்ன ஆவாள் என்னும் அச்சம் ஒருபுறம். தூக்குமேடை ஏறவேண்டி வந்தால் அங்கே நடுங்கி மயங்கி விசுவாசத்திற்கு இழுக்குத் தேடிவிடுவோமோ என்னும் அச்சம் மறுபுறம். பின்னதில் நுட்பம் உண்டு: அது சாவுக்கு அஞ்சுவதன்று, அஞ்சிவிடுவோமோ என்று அஞ்சுவது. ஆறுதல் கிட்டாத நிலையில், இறைவன் ஆறுதல் அளித்தாலும் அளிக்காவிடினும், மேலுலகமோ கீழுலகமோ எது வாய்ப்பினும், கண்ணைக் கட்டிக்கொண்டு குதித்துவிடுவது என்று அவர் துணிகிறார். அச்சம் நீங்கியபின் வந்த துணிவன்று இது. அச்சம் நீங்கும் என்னும் உறுதிமொழியைக்கூட நிபந்தனையாக்காத துணிவு.

1679இல் வெளியிட்ட இறையச்சம் பற்றிய ஆய்வுரையில் அவர் அடிமையச்சத்தையும் மகனுக்குரிய அச்சத்தையும் பிரிக்கிறார். புதல்வனாக ஏற்கப்பட்ட பின்னர் அடிமைத்தனத்தின் ஆவி மீண்டும் இறைவனால் அனுப்பப்படுவதில்லை. அதன்பின் எழும் அடிமையச்சம் தீயவனிடமிருந்து வருவது என்பது அவர் வாதம். தமிழில் ‘பயம்’ என்னும் ஒரே சொல் இரண்டையும் தாங்குகிறது. ‘பயபக்தி’ என்னும் கூட்டுச்சொல் அவற்றைப் பிரிக்க முயல்வதே இல்லை. பன்யனின் இறையியல் பிரிக்கிறது. பிரித்தபின், அடிமையச்சம் நீங்காத விசுவாசி ஒருவனை என்ன செய்வது? ஆய்வுரையில் அவனுக்குக் கண்டிப்பும் அறிவுரையும் உண்டு. ஐந்தாண்டுகள் கழித்து வந்த கதையில் அவனுக்கு ஒரு துணைவன் கிடைக்கிறான்.

அஞ்சுவோன்

இரண்டாம் பாகத்தில் அஞ்சுவோன் நேரில் தோன்றுவதில்லை. கிறிஸ்தியானின் மனைவியையும் மக்களையும் வழிநடத்திச் செல்லும் பெருநெஞ்சன், வழியில் சந்திக்கும் நேர்மையன் என்னும் முதியவர் கேட்க, முன்பு தான் அழைத்துச் சென்ற ஒருவனின் கதையாக அதைச் சொல்கிறான். மனச்சோர்வுச் சேற்றின் கரையில் அஞ்சுவோன் ஒரு மாதத்திற்கும் மேலாக அலறிக்கொண்டு கிடந்தான். பலர் கடந்துசென்றதைப் பார்த்தும் கடக்கவில்லை, திரும்பியும் போகவில்லை. வெயில் எறித்த ஒரு காலையில் எப்படியோ கடந்துவிட்டான். கடந்ததைத் தானே நம்பவில்லை. இடுக்க வாசலில் தட்டத் துணியாமல் பின்வந்தோருக்கெல்லாம் இடம்விட்டு நின்றான். பொருள் விளக்குவோன் இல்லத்தின் வெளியே நெடிய குளிர் இரவுகளில் படுத்துக் கிடந்தான். தன்னை ஏற்றுக்கொண்டு துணிவுள்ள வழித்துணை ஒருவனைத் தருமாறு வேண்டும் கடிதம் அவன் மடியிலேயே இருந்தது. மனச்சோர்வுச் சேற்றை அவன் தன் மனத்துக்குள்ளேயே சுமந்து திரிந்தான் என்பது பெருநெஞ்சனின் கணிப்பு.

இதுவரை இது கோழை ஒருவனின் நகைச்சித்திரம் போலவே தோன்றும். பன்யனுக்கு நகைச்சுவை உண்டு, அதை அவர் மறைப்பதுமில்லை. ஆனால் இடர்க்குன்றை அஞ்சுவோன் தயங்காமல் ஏறினான். சிங்கங்களைப் பொருட்படுத்தவில்லை. பிறரைக் கொல்லவும் வல்ல மாயைச் சந்தையில் அங்குள்ளோர் அனைவரோடும் சண்டைக்குப் போக முற்பட்டான். இருவரும் அடிபட்டுச் சாவோமோ என்று அஞ்சியவன் பெருநெஞ்சன்தான். எல்லோரையும் உறக்கம் தழுவும் மயக்க நிலத்தில் அவன் விழித்தே இருந்தான். முடிவில் தான் ஏற்கப்படுவோமா என்பதொன்றே அவன் அச்சம். மெய்ப்பாட்டியலின் சொற்களில் கூறினால், விலங்கும் மாந்தர் பகையும் அவனிடத்தில் அச்சம் விளைக்கவில்லை. இறை என்னும் நான்காம் களன் பிறவற்றின் இடத்தையும் நிரப்பிக்கொண்டது. மரணஇருள் பள்ளத்தாக்கில் மட்டும் இவ்வகைப்பாடு சற்றே தடுமாறுகிறது. அங்குப் பேய்கள் தன்னைப் பிடித்துக்கொள்ளும் என்று அவன் கூக்குரலிட்டான். அது அணங்கச்சமே என்று கொள்ளலாம். தான் இறுதியில் யாருக்கு உரியவன் என்னும் ஐயத்தின் மறுவடிவம் என்றும் கொள்ளலாம். கதை இரண்டிற்கும் இடந்தருகிறது.

கிறிஸ்தியான் அப்பொல்லியோனோடு பொருது குருதி சிந்திய தாழ்மைப் பள்ளத்தாக்கு அஞ்சுவோனுக்கு மட்டும் இன்பமான இடமாயிற்று. அவன் அங்குத் தரையில் படுத்து மண்ணைத் தழுவினான், பூக்களை முத்தமிட்டான், நாள்தோறும் விடியலில் எழுந்து உலவினான். தாழ்ந்து நிற்பதற்கு அஞ்சுபவனுக்கே அப்பள்ளத்தாக்கு போர்க்களம். தன்னைத் தகுதியற்றவன் எனக் கருதியவனுக்கு அங்கு இழக்க எதுவுமில்லை. முதற்பாகத்தின் வீரத்திற்கு இரண்டாம் பாகம் தரும் மறுமொழியாக இதனைக் கொள்வது பொருந்தும்.

ஆற்றின் ஆழம்

முதற்பாகத்தின் இறுதியில் பாலமற்ற ஆறொன்று வருகிறது. அரசனை விசுவாசிக்கும் அளவுக்கேற்ப அதன் நீர் ஆழமாகவோ ஆழமற்றோ தோன்றும் என்று அங்கு விதி கூறப்படுகிறது. கிறிஸ்தியான் மூழ்கத் தொடங்குகிறான். நம்பிக்கை அவன் தலையை நீருக்கு மேலே தாங்கிப் பிடித்துக் கரைசேர்க்கிறான். அப்பொல்லியோனை வென்றவன் அடையும் இறுதியச்சம் இது. முதற்பாகமேகூட அச்சத்தை வென்று முடித்த ஒருவனின் கதையன்று என்பதை இவ்விடம் உணர்த்துகிறது.

அஞ்சுவோன் அதே ஆற்றங்கரைக்கு வரும்போது என்றென்றைக்கும் அமிழ்ந்துபோவோம் என்று கலங்குகிறான். முதற்பாகத்தின் விதிப்படி அவனுக்கு நீர் மிக ஆழமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பெருநெஞ்சன் தன் அனுபவத்தில் கண்டவற்றுள் அன்றுதான் ஆற்றுநீர் மிகத் தாழ்ந்திருந்தது. அஞ்சுவோன் ஏறத்தாழக் கால் நனையும் அளவிலேயே கடந்தான். இம்முரண்பாடு கவனக்குறைவால் நேர்ந்தது என்று தள்ளிவிட இயலாது. நீர் தாழ்ந்திருந்ததைப் பெருநெஞ்சன் தனித்துச் சுட்டிச் சொல்கிறான். விதி மாறாதெனில், அவ்வளவு அஞ்சியவனிடம் இருந்தது மிகுந்த விசுவாசமே என்றாகிறது. விதி தளர்த்தப்பட்டதெனில், அவனுடைய வலுவின்மைக்கு ஆறே இணங்கிக் கொடுத்தது என்றாகிறது. எவ்வாறு கொள்ளினும் அச்சத்தின் அளவைக் கொண்டு விசுவாசத்தின் அளவைக் கணிக்கும் முறை இவ்விடத்தில் முறிந்துபோகிறது.

ஜான் ஸ்டாச்னியூஸ்கி 1991இல் எழுதிய நூலில் கால்வினிய முன்குறிப்புக் கொள்கையே இத்தகைய மனத்துன்பத்தை விளைத்தது என்று வாதிட்டார். அதன் நோக்கில் அஞ்சுவோனின் நோய்க்கும் அவனுக்குத் தரப்படும் மருந்துக்கும் ஊற்று ஒன்றே. இம்மறுப்பில் வலு உண்டு. தெரிந்துகொள்ளப்பட்டவர் யாவர் என்பது மறைக்கப்பட்டிருக்கும் அமைப்பில் அஞ்சுவோனின் கலக்கம் பிறழ்ச்சியன்று. தருக்கத்தின் நேரான விளைவு. ஆயின் இந்நோக்கு முதற்பாகத்திற்குப் பொருந்தும் அளவுக்கு இரண்டாம் பாகத்திற்குப் பொருந்தவில்லை. கொள்கை மாறவில்லை, கொள்கையைத் தாங்கும் கதையமைப்பு மாறிவிட்டது. முதற்பாகத்தில் கிறிஸ்தியான் குடும்பத்தை விட்டுக் காதுகளைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். இரண்டாம் பாகத்தில் பெண்களும் சிறுவரும் முதியவரும் ஊன்றுகோல் பிடித்தவரும் சேர்ந்து நடக்கின்றனர்; நடையின் வேகத்தை வலுவற்றோரே முடிவுசெய்கின்றனர்.

கதை கேட்டோர் கூறுவன இதற்குச் சான்று. தன்னைப் போன்றவர் யாருமில்லை என்று இதுவரை எண்ணியிருந்ததாகவும், அஞ்சுவோனின் அச்சம் வெளியே வெடித்தது, தன்னுடையது உள்ளேயே அடங்கியிருந்தது என்றும் கிறிஸ்தியானின் மனைவி கூறுகிறாள். அவளுடைய தோழியும் மகன் மத்தேயுவும் தத்தம் அச்சத்தைச் சொல்கின்றனர். இளையவன் யாக்கோபு, நரகத்திற்கு அஞ்சுவோரிடமெல்லாம் அருள் இருப்பதில்லை, ஆனால் இறையச்சம் இல்லாதவிடத்து அருளே இல்லை என்னும் பொருள்பட மொழிகிறான். பெருநெஞ்சன் அதைப் பாராட்டுகிறான். ஓர் அஞ்சியவனின் வரலாறு மற்றவர்களின் நாவைக் கட்டவிழ்க்கிறது. ஆனால் இவ்வாறுதலுக்கு ஒரு வரம்பு உண்டு. அஞ்சுவோன் கரைசேர்ந்தான் என்பதை அறிந்தவர்கள் கதையைக் கேட்பவர்கள். வழிநெடுக நடுங்கிய அவனுக்கு அது தெரியாது.

பெருநெஞ்சன் அவனைத் தொல்லைமிக்கவன் என்கிறான். எனினும் அவனைப் பற்றித் தனக்கு ஐயமே இருந்ததில்லை என்கிறான். இசைக்கலைஞன் கருவியைச் சுருதி சேர்க்கும்போது தாழ்ந்த தந்தியையே முதலில் தொடுவான், அஞ்சுவோன் அந்தத் தாழ்சுருதியை விட்டு மேலே ஏறவில்லை என்னும் உவமை இங்கு வருகிறது. 1679ஆம் ஆண்டு ஆய்வுரை தீயவனின் செயலாகக் கண்டதைக் கதை இன்னிசையின் ஓர் உறுப்பாகக் காண்கிறது. ஆய்வுரையாசிரியரைவிடக் கதைசொல்லி இவ்விடத்தில் அருள்மிக்கவர்.

தமிழுக்கு வராத பாத்திரம்

இரட்சணிய யாத்திரிகம் முதற்பாகத்தைத் தழுவியதாதலின் அஞ்சுவோனுக்கு அங்கு இடமில்லை. இடமிருந்தாலும் பெருங்காப்பிய இலக்கணம் அவனை எளிதில் ஏற்றிராது. தன்னிகரற்ற தலைவனைத் தண்டியலங்காரம் வேண்டுகிறது. திருநெல்வேலிப் பகுதியின் வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற கிருஷ்ணபிள்ளை, கம்பனில் தோய்ந்த புலமையோடு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களில் கிறிஸ்தியானின் பயணத்தை உயர்த்திப் பாடினார். மறம் காப்பியத்திற்குக் கைவந்த பொருள். வாயிலில் தட்டத் தயங்கி நிற்பவனை எந்தப் படலத்தில் வைப்பது? தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தில் அச்சத்தை வெல்லும் பயணியின் உருவம் காப்பியத் தகுதி பெற்றதும், அச்சத்தோடு நடக்கும் பயணி உரைநடை மொழிபெயர்ப்பின் ஒதுக்கிடத்தில் நின்றுவிட்டதும் இவ்வடிவத் தேர்வின் விளைவுகளே. காப்பியத்தை மட்டும் கொண்டு பன்யனின் அச்சக் கோட்பாட்டை எடைபோடும் ஒப்பீடுகள் நூலின் ஒரு பாதியையே காண்கின்றன.

அஞ்சுவோனின் வழியில் வருவோர் இரண்டாம் பாகத்தின் இறுதியில் மேலும் இருவர்: ஐயக் கோட்டையிலிருந்து மீட்கப்பட்ட சோர்வன் என்னும் முதியவரும் அவர் மகள் பேரச்சமும். அழைப்பு வந்தபோது சோர்வன் எழுதிவைத்த உயில் விந்தையானது. தாமும் தம் மகளும் வாழ்நாள் முழுதும் சுமந்த சோர்வையும் அடிமையச்சத்தையும் எவரும் பெற்றுக்கொள்ள வேண்டாம். அவை பேய்களைப் போல வேறு வீடு தேடி அலையும், கதவை அடைத்துவிடுங்கள் என்கிறார். அடிமையச்சம் என்னும் ஆய்வுரைச் சொல் இங்கு மீள்கிறது. ஆனால் அது கைவிடப்படுவது ஆற்றங்கரையில்தான், அதற்கு முன்பன்று. தந்தை விடைபெற்று நீரில் இறங்கினார். மகள் பாடிக்கொண்டே ஆற்றைக் கடந்தாள். கரையில் நின்றோர் எவருக்கும் அப்பாட்டின் சொற்கள் விளங்கவில்லை. பன்யனும் அவற்றை எழுதவில்லை.